மேஸ்திரி வெளியே நிற்கட்டும்

ஜனவரி 5

அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமா?

இந்த வரிக்கு வருவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம் பேசாமல் இருந்தவள் மறுபடி பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. நீங்கள் என் சிநேகிதியாக மட்டும் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியாகவும் ஆகிவிட்டீர்கள்.

போனில் கூப்பிட்டிருக்கலாம்தான். நாங்கள் இருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸ். ஒரு நீளமான தகர ஷெட்டைப் பலகை வைத்து ஆறு அறையாகத் தடுத்திருக்கிறார்கள். இந்த அறையில் தும்மினால் நான்காவது அறையில் இருந்து "நூறு" என்று குரல் வரும். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். எனக்கு மூன்று மாதம் முடிந்து நான்காவது நடக்கிறது.

போன வாரம் கிளினிக்குக் கூட்டிப்போனார்கள். டவுனில் இருக்கிறது, கம்பெனி வேனில் முக்கால் மணி நேரம். இந்த ஊர் பாஷை எனக்கும் வராது, என் வீட்டுக்காரருக்கும் வராது. மேஸ்திரிக்குத்தான் வரும். நாங்கள் வேலை செய்யும் பசுமைக்குடிலில் தக்காளிக்கு எப்போது தண்ணீர் விடவேண்டும் என்பதில் இருந்து எங்களில் யாருக்கு என்ன நோய் என்பது வரை எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேரும்.

டாக்டர் ஒரு பெண். வயிற்றைக் காட்டி, விரல் விட்டு எண்ணி, ஐந்து நிமிஷம் பேசினார். மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லாருக்காம்" என்றார்.

"அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"அதெல்லாம் எல்லாருக்கும் பொதுவா சொல்றது. இதுதானே உனக்கு முதல்?"

தலையை ஆட்டிவிட்டேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அந்த மனிதரிடம் பதில் சொல்லவேண்டும். சாயங்காலத்துக்குள் ஆறு அறைக்கும் தெரிந்துவிடும்.

அதிலிருந்து ஒரு வாரமாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அகதி முகாமில் முதல் பிரசவத்தின்போது எனக்கு வந்தது என்ன? அதற்கு ஏதாவது பெயர் உண்டா? மறுபடியும் வருமா? உங்கள் கை பட்டதால்தான் என் குழந்தை போச்சு என்று அத்தனை பேர் எதிரில் சொன்னவள் நான். இதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை கிடையாது. கேட்பதற்கு வேறு ஆளும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 13

சில்வண்டுக்கு,

முதலில் ஒன்று. என்னது அது, "நீங்கள்"? கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்த்துத் தப்பாக எழுதிவிட்டு என்னையே திட்டியவள் நீ. கல்யாணத்தன்று மாலையோடு நின்ற என்னிடம் "ஏய், அண்ணின்னு கூப்பிடுவேன், ஆனா மரியாதை எல்லாம் எதிர்பார்க்காதே" என்றவள். அடுத்த கடிதத்தில் "நீங்கள்" இருந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இனி நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். உனக்கு வந்தது கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு. அதற்குப் பெயர் உண்டு, மருந்தும் உண்டு. ஒருமுறை வந்தவளுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். நான்காம் மாதத்துக்குள் தினம் ஒரு சின்ன மாத்திரை தொடங்குவார்கள். ப்ரெஷரை அடிக்கடி பார்ப்பார்கள். இதெல்லாம் நடக்கவேண்டும் என்றால் இது முதல் பிரசவம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். நீ தலையை ஆட்டியது தப்பு.

கூட ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உனக்கு முன்பு நடந்ததை இந்த நாட்டுப் பாஷையில் ஐந்து வரியில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பிழை திருத்தித் தந்தாள். நேராக டாக்டர் கையில் கொடு.

தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகம் வீங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி. இதில் எது வந்தாலும் அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காதே.

நான் இங்கே பிரசவ வார்டில்தான் இருக்கிறேன். நம் ஊரில் பதினோரு வருஷம் பிரசவம் பார்த்தேன், இங்கே பிரசவ வார்டின் தரையைப் பார்த்துக்கொள்கிறேன். துடைப்பம், வாளி, நீல யூனிபார்ம். என் சான்றிதழ் எல்லாம் வீட்டோடு எரிந்துபோனது உனக்குத் தெரியும்.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து பாத்திரம் கழுவும்போது பாடுகிறார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, தண்ணீர்க் குழாயில் ஏதும் பழுதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அண்ணி


ஜனவரி 30

அண்ணி,

சீட்டைக் கொடுக்க முடியவில்லை.

டாக்டர் அறைக்குள் போகும்போது கையில் மடித்து வைத்திருந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். "என்னம்மா அது, டாக்டரம்மாவுக்கு லெட்டரா? என்கிட்ட சொன்னா நான் சொல்லமாட்டேனா?" என்று கையை நீட்டினார். வேனில் கூட வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான், கடைச் சாமான் லிஸ்ட் என்று சொல்லி ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டேன். டாக்டர் ப்ரெஷர் பார்த்தார், ஏதோ சொன்னார். "நல்லாருக்காம்" வந்தது. முடிந்தது.

நீ திட்டுவாய். அதற்கு முன் என் பக்கத்தையும் கேள். உனக்கும் அண்ணனுக்கும் அகதி என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கையில் இருப்பது வேலைக் காகிதம். வேலை போனால் அதுவும் போச்சு. சாதாரண கர்ப்பம் என்றால் ஏழு மாதம் வரை பேக்கிங் மேஜையில் உட்கார வைப்பார்கள். சிக்கல் என்று தெரிந்தால் "சீசன் முடிஞ்சுது, போயிட்டு வாம்மா" என்பார்கள். போன வருஷம் இரண்டு பேரை அப்படி அனுப்பினார்கள். அதில் ஒருத்திக்கு ஐந்தாம் மாதம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அது உள்ளேயே கிடந்து அழுகும். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதற்குப் பெயர் தெரிந்திருக்கிறது, மருந்து தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்று ஏன் அந்த மருந்தை எனக்குக் கொடுக்கவில்லை? நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பொண்ணு என்று யாரோ சொன்னார்கள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பிள்ளை எப்படி இருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, அவரை முகாமுக்கு வெளியே வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். தெரிந்த ஒரே ஆள் நீ.

"நீங்கள்" போய்விட்டது, பார்த்தாயா? கோபம் வந்தால் எனக்கு மரியாதை நிற்காது.

சில்வண்டு


பிப்ரவரி 7

சில்வண்டு,

உன் கடிதத்தை லினன் அறையில் நின்று படித்தேன். துவைத்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில். அங்கே அழுதால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சொல்கிறேன்.

அதற்கு ஒரு வாரம் முன்பே உன் கால் வீங்கியிருந்தது. முகாமில் இருந்த ஒரே ப்ரெஷர் மிஷின் ரிப்பேர். இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. திங்கட்கிழமை காலை உனக்கு முதல் வலிப்பு வந்தது. வலிப்பை நிறுத்தும் ஊசி மருந்து முகாமில் ஒரு குப்பி கூட இல்லை. உன்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டு முகாம் வாசல் கேட்டுக்கு ஓடினேன். வண்டி வெளியே போக டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார் அதிகாரி. டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். திங்கட்கிழமை அவருடைய கையெழுத்துக்கு நான் எங்கே போவேன்? கெஞ்சினேன், கத்தினேன். ஐந்து மணி நேரம் கழித்து வண்டி விட்டார்கள். வழியிலேயே குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னையாவது கொண்டு சேர்க்கவேண்டும் என்று உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். நான்தான் குளிப்பாட்டினேன். என் பருத்திப் புடவையைக் கிழித்துச் சுற்றினேன். தலை நிறைய முடி. நெற்றி உன்னுடையது, அந்தக் குறுகலான நெற்றி. மேல் உதடு உன் வீட்டுக்காரருடையது. வலது காது மடல் லேசாக மடங்கியிருந்தது. முகத்தில் எந்த வேதனையும் இல்லை. அன்றே அடக்கம் செய்யவேண்டும் என்றார்கள். நீ இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

கண் திறந்ததும் நீ முதலில் திட்டியது என்னை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, திட்டுவதற்கு உயிர் மிச்சம் இருக்கிறதே என்று. வண்டி வரவில்லை, மருந்து இல்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சாக்குச் சொல்வது போல இருக்கும் என்று தோன்றியது. கால் வீக்கத்தைப் பார்த்த அன்றே கேட்டில் போய் ஏன் கத்தவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் கேட்கிறேன். இனி அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

இப்போது இருப்பதைப் பார்ப்போம். போன செவ்வாய் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிரசவ அறையில் ஒரு பெண் நம் பாஷையில் "யாராவது என்னன்னு சொல்லுங்களேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமனார், காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் மொழிபெயர்ப்பாம். தையல் எங்கே போடப்போகிறார்கள் என்று அவர் எப்படி மருமகளிடம் சொல்வார்? துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் நான் சொன்னேன். அதற்குச் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கினேன். துப்புரவுப் பணியாளர் நோயாளியிடம் பேசக்கூடாது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இந்த நாட்டில் எந்தக் கிளினிக்கிலும் போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம். செலவு அரசாங்கத்தினுடையது. பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். நோயாளி வாய் திறந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். கேட்கலாம் என்று யாரும் நம்மிடம் சொல்வதில்லை. டாக்டர் உன் உடம்பைப் பற்றி முதலாளியிடம் வாய் திறந்தால் அவருக்கு வேலை போகும், அது சட்டம். மேஸ்திரிக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், மேஸ்திரி வெளியே நிற்கட்டும்.

"எனக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." அவர்கள் பாஷையில் நாலே வார்த்தை. தனித்தாளில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். சமைக்கும்போது சொல், தக்காளி பறிக்கும்போது சொல். உன் வாயைப் பூட்ட நம் வாத்தியாரம்மாவாலேயே முடிந்ததில்லை. மேஸ்திரி எம்மாத்திரம்?

அண்ணி


பிப்ரவரி 21

என் அண்ணிக்கு,

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். காது மடல் வரும் இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "இன்னொரு தடவ படி" என்றார். நான்கு தடவை படித்தேன். மூன்று வருஷமாக எங்களுக்கு முகம் இல்லாமல் இருந்தவள் இப்போது எங்களோடு இருக்கிறாள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று எழுதினால் நீ கோபப்படுவாய். எழுதாமல் விட்டால் நான் மனுஷி இல்லை. எழுதிவிட்டேன், கோபப்பட்டுக்கொள்.

இப்போது கதையைக் கேள். அந்த நாலு வார்த்தையைப் பத்து நாள் மனப்பாடம் செய்தேன். அவர் தூக்கத்தில் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கிளினிக்கில் என் முறை வந்தது. மேஸ்திரி வழக்கம் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் நர்ஸைப் பார்த்து நாலு வார்த்தையும் சொன்னேன். நாக்கு குழறி மூன்றாவது வார்த்தை இரண்டு முறை வந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து அவருக்கு வழி காட்டினாள்.

"நான்தான் இருக்கேனே, இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று என்னிடம் தமிழில் சொல்கிறார், பாவம். எந்தப் பாஷையில் யாரிடம் பேசுவது என்று அவருக்கே குழம்பிவிட்டது. கதவு சாத்தியாயிற்று.

மேஜை மேல் போனை வைத்தார்கள். அதற்குள் இருந்து ஒரு பெண் குரல். "வணக்கம்மா. டாக்டர் சொல்றத அப்படியே உங்களுக்குச் சொல்வேன். நீங்க சொல்றத அப்படியே டாக்டருக்குச் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இந்த ரூம்ல பேசறது வெளிய போகாது. நிதானமா பேசுங்க." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குரல் டாக்டரிடம் ஏதோ சொன்னது. பிறகு என்னிடம், "நீங்க அழறீங்கன்னு டாக்டர் பார்த்துட்டாங்க, நான் எதுவும் சொல்லல. காத்திருக்கலாமான்னு கேட்டாங்க, காத்திருக்கலாம்னு சொன்னேன்" என்றது.

எல்லாம் சொன்னேன். சீட்டையும் கொடுத்தேன். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் கை மீறிப் போகவில்லை என்றார். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். முதல் தடவை தான் அவ்வளவு நேரம் சொன்னதை எல்லாம் மேஸ்திரி என்னிடம் சொன்னாரா என்று கேட்டார். "நல்லாருக்கு"ன்னு சொன்னார் என்றேன். அதை அந்தக் குரல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது. டாக்டர் முகம் போன போக்கை நீ பார்க்கவேண்டும்.

நேற்று மேஸ்திரி, அடுத்த முறை வேனில் எனக்கு இடம் இருக்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சில்வண்டு


மார்ச் 3

சில்வண்டு,

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு உன் அண்ணன் அந்த நாலு வார்த்தையைப் பாட்டாகவே போட்டுவிட்டார். கீழ் வீட்டுக்காரர் இப்போது மேலே வருவதில்லை. வீடு மாற்றலாமா என்று யோசிக்கிறார் போல.

வேன் இல்லை என்றால் பஸ் உண்டா என்று விசாரி. ஒரு முறை கூடத் தவறக்கூடாது.

இங்கே ஒரு திருப்பம். தலைமை மருத்துவச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாவது எச்சரிக்கை என்று நினைத்து யூனிபார்மைக் கூட மடித்துப் பையில் வைத்துவிட்டுப் போனேன். அவர் கேட்டது வேறு. "அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு மூச்சை எப்ப பிடிக்கணும், எப்ப விடணும்னு சொல்லிக் கொடுத்தியாமே. இது துடைக்கிறவளுக்குத் தெரியற விஷயம் இல்லையே. நீ யாரு?" சொன்னேன். சான்றிதழ் எரிந்துபோனவர்களுக்கு என்று ஒரு தேர்வு இருக்கிறதாம். எழுதித் தேறினால் ஒரு வருஷம் மேற்பார்வையில் வேலை, பிறகு முழு மருத்துவச்சி. ஜூன் 14 பரீட்சை. நாற்பத்தொரு வயதில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எல்லாம் எறும்பு போல ஓடுகிறது.

உங்கள் பசுமைக்குடிலைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். நகரும் கிளினிக் வண்டி ஒன்று மாவட்ட சுகாதாரத் துறையில் இருக்கிறதாம். டாக்டர், நர்ஸ், போன் மொழிபெயர்ப்பு எல்லாம் உண்டு. ஒரே இடத்தில் இருக்கும் பதினைந்து பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மாதம் இரண்டு முறை அங்கேயே வரும். விண்ணப்பத்தை அவரே எழுதித் தந்தார், கூட வைத்திருக்கிறேன். பதினைந்து கையெழுத்து உன்னால் முடியுமா?

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

பதில் தாமதத்துக்குக் காரணம் பதினைந்து கையெழுத்து.

பஸ் கிடைத்தது. இரண்டு பஸ் மாறவேண்டும். அவர் லீவு சொல்லிவிட்டுக் கூட வருகிறார். டாக்டர் அறைக்குள் வருவதில்லை. "நீ பேசு, நான் வெளியவே இருக்கேன்" என்று மேஸ்திரி உட்கார்ந்த அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

நான் கிளினிக்கில் செய்ததை வேனில் வந்தவர்கள் ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். துணி காயப்போடும் இடம்தான் எங்கள் ஆபீஸ். ஒருத்திக்கு ஆறு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லி வயிற்றுவலி மாத்திரை தின்றுகொண்டிருந்தாள். இன்னொருத்திக்குப் போன பிரசவத்தில் உள்ளே ஏதோ வைத்தார்களாம். அது என்ன, எத்தனை வருஷத்துக்கு, எடுக்கலாமா, எதுவும் தெரியாது. மூன்று பிள்ளை போதும் என்று நினைக்கிற ஒருத்தி, அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான்காவதைச் சுமக்கிறாள். வேறு பாஷைக்காரப் பெண்களும் வந்தார்கள். சைகையில் பேசிக்கொண்டோம். நாலு வார்த்தையை எல்லோரும் கையுறைக்குள் எழுதி வைத்துக்கொண்டார்கள். பேக்கிங் மேஜையில் உதடு அசைந்தபடி இருக்கிறது. மேஸ்திரி வந்தால் பாட்டாக மாறிவிடும். அண்ணன் மட்டும் அல்ல, நாங்களும் மெட்டுப் போட்டிருக்கிறோம்.

கற்றுக்கொள்ள எல்லோரும் வந்தார்கள். கையெழுத்து என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. "பேர் போட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்." அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, சீட்டை ஜாக்கெட்டுக்குள் ஒளித்தவள் நான்தானே. முதல் கையெழுத்தை நானே போட்டேன். அடுத்தது உதிரப்போக்குக்காரி. அப்புறம் ஒன்று, இரண்டு. ஒரு மாதத்தில் பதினாலு ஆயிற்று. அதற்கு மேல் ஒருத்தியும் போட முன்வரவில்லை.

போன ஞாயிறு துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மேஸ்திரியின் மனைவி வந்தாள். அவர்களுக்குத் தனி வீடு. எங்களோடு அதிகம் பேசமாட்டாள். நான் விண்ணப்பத்தை ஈரத் துணிக்கு அடியில் தள்ளினேன்.

"ஒளிக்க வேணாம். எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் ஈரத் துணிக்கு அடியில் இருந்து தாளையும் பேனாவையும் வெளியே எடுத்தேன்.

"பதினாறு வருஷமா என் உடம்பு சமாச்சாரத்தையும் அவர்தான் டாக்டர்கிட்ட சொல்றாரு. என்ன சொல்றாருன்னு எனக்கே தெரியாது. ரெண்டு கலைஞ்சிருக்கு. ஏன்னு நான் கேட்கச் சொன்னேன். கேட்டாரா இல்லையான்னு கூட தெரியாது." பேனாவை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். "எங்க போடணும்?"

அவள் போட்டது பதினைந்தாவது. அன்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.

சில்வண்டு


மே 20

சில்வண்டு,

வண்டி வந்தது என்று தலைமை மருத்துவச்சிக்குத் தகவல் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் நிறுத்தினார்களாமே. சாப்பாட்டு நேரத்தில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்களாமே. அவர் என்னைக் கூப்பிட்டு, தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். நான் வாளியைத் தவறவிட்டு அந்தத் தாழ்வாரத்தையே நனைத்துவிட்டேன்.

ஆனால் போன வாரம் வந்த உன் கார்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாயே, ப்ரெஷர் ஏறியிருக்கிறது, மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று. அந்த ஒரு வரியை மூலையில் ஒளித்தால் நான் பார்க்கமாட்டேனா? ஜூன் நடுவில் வலி வரவழைத்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் நான் அங்கே இருக்கவேண்டும். பரீட்சை அடுத்த வருஷமும் வரும். பஸ்ஸுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். ஒன்பது மணி நேரம் ஒன்றும் பெரிசில்லை.

மறுத்துப் பேசாதே.

அண்ணி


மே 27

அண்ணி,

மறுத்துத்தான் பேசுவேன். நீ வரவேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் கேள். போன முறை உன் ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் போட்டார்கள். டாக்டர் வியாழக்கிழமை, மிஷின் ரிப்பேர், வண்டிக்குக் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் பதிலாக நீ ஒருத்தி. அதை உன் கடிதம் வரும்வரை நானும் புரிந்துகொள்ளாமல், கடைசியில் பழியையும் உன் மேலேயே போட்டேன். இந்த முறை எனக்கு டாக்டர் இருக்கிறார். மருந்து இருக்கிறது. ஆம்புலன்ஸ் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைக் கூப்பிட யார் கையெழுத்தும் வேண்டாம். நான் கேட்டால் பதில் சொல்லப் போனுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். உன்னைப் பதட்டத்தில் ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்காரவைக்க எனக்கு மனசில்லை.

நீ பரீட்சை எழுது. நீ எழுதி அந்த வார்டில் துடைப்பம் இல்லாமல் நின்றால் மாமனார் மொழிபெயர்க்கும் மருமகள்கள் எத்தனை பேர் தப்பிப்பார்கள் என்று எண்ணிப்பார். தப்பாக எழுதினால் பார்த்து எழுத நான் பக்கத்தில் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் பயப்படாதே என்று சொல்லவில்லை. பயந்தால் எந்த நம்பரில் கூப்பிடவேண்டும் என்று சொன்னார்.

சில்வண்டு


ஜூன் 22

என் அண்ணிக்கு,

பிறந்த அன்றே அவர் போனில் அழுதுகொண்டே சொன்னதில் உனக்கும் அண்ணனுக்கும் எதுவும் புரிந்திருக்காது. அதனால் விவரமாக எழுதுகிறேன். பெண். இரண்டு கிலோ எழுநூறு. 14ஆம் தேதி மத்தியானம், நீ பரீட்சைத் தாளில் தலை கவிழ்ந்திருந்த நேரம்.

காலையில் ப்ரெஷர் அதிகமாகிவிட்டது. முகாமில் ஒரு குப்பி கூட இல்லாமல் போன அந்த ஊசி மருந்தை, நான் கேட்பதற்கு முன்பே என் கையில் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சுட்டது. வலிப்பு வரவில்லை. போன் தலைமாட்டில் இருந்தது. ஆறு மணி நேரத்தில் இரண்டு குரல் மாறியது. முதல் குரல் முறை முடிந்து போகும்போது, "நல்லபடியா பொறக்கட்டும்மா. இது டாக்டர் சொன்னது இல்ல, நான் சொல்றது" என்றது. கூட்டமாட்டேன் என்று சொன்னவள் அந்த ஒரு வரியைக் கூட்டிவிட்டாள்.

மேஸ்திரியின் மனைவி வந்து பார்த்தாள். நகரும் வண்டியில் அவளுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். கலைந்ததற்குக் காரணம் தைராய்டாக இருக்கலாம் என்று மருந்து தொடங்கியிருக்கிறார்கள். மேஸ்திரியும் வந்தார். வாசலிலேயே நின்றார். "உள்ள வரலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வந்ததற்காக உள்ளே விட்டேன். எனக்குப் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் விடுப்பு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவரை வேலைக் காகிதம் செல்லும். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

பரீட்சை முடிவு அடுத்த மாதம் என்கிறாய். வரட்டும். அதற்குள் நீயும் அண்ணனும் பஸ் ஏறி வாருங்கள். இங்கே ப்ரெஷர் பார்க்க நர்ஸ் வருகிறாள், தையல் பார்க்க டாக்டர் இருக்கிறார், குளிப்பாட்ட அவர் கற்றுக்கொண்டுவிட்டார். உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, அண்ணி. அதனால்தான் வரச் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்.

சில்வண்டு